டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள்

நேயர்களுக்கு வணக்கம். உங்கள் வீட்டுப் பரணிலோ பீரோவின் அடித்தட்டிலோ ஒரு பழைய பிலிம் கேமரா கிடக்கலாம். அப்பாவுடையதாக இருக்கும், அல்லது ஊரில் கல்யாண வீடுகளுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு சித்தப்பாவுடையதாக இருக்கும். இப்போது கல்லூரிப் பிள்ளைகள் அதை எடுத்துத் தூசி தட்டி, ரோல் போட்டுப் படம் எடுக்க ஆரம்பித்திருக்கிறார்கள். முதல் ரோலைக் கழுவி வாங்கிய கையோடு அடுத்த ஆசை வந்துவிடுகிறது: இதற்கு இன்னொரு லென்ஸ் வாங்கினால் என்ன? அப்படிப் பழைய லென்ஸ் வாங்குவதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். முப்பது வருடமாக எனக்கு இதே வேலை.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நடுவில் மறுபடியும் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பழைய லென்ஸைப் பெயர் பார்த்து வாங்காதீர்கள், டார்ச் அடித்துப் பார்த்து வாங்குங்கள். ஒரே தொழிற்சாலையில் ஒரே வாரத்தில் செய்த இரண்டு லென்ஸ்கள் நாற்பது வருடம் கழித்து ஒரே மாதிரி இருக்காது. ஒன்று தினமும் வெளிச்சத்தில் வேலை பார்த்திருக்கும். இன்னொன்று நாகப்பட்டினம் கடற்காற்றில், பூட்டிய அலமாரிக்குள், ஈரத்தோடு ஈரமாகக் கிடந்திருக்கும். மேலே எழுதியிருக்கும் பெயர் மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.

எந்த லென்ஸ் எந்தக் கேமராவில் உட்காரும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் அதிகம் பழகியது எம் 42 என்ற திருகு லென்ஸ்கள். பாட்டில் மூடி மாதிரி திருகி மாட்டுவது. வாய் 42 மில்லிமீட்டர் அகலம், மரைக்கு மரை 1 மில்லிமீட்டர். 1949 வாக்கில் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்தில் செய்த காண்டாக்ஸ் எஸ் கேமராவில் வந்தது. பிறகு பிராக்டிகா, ரஷ்யாவின் ஜெனித், ஜப்பானின் பென்டாக்ஸ் என்று எல்லோரும் அதையே பின்பற்றினார்கள். அதனால் ஜப்பான் லென்ஸை ரஷ்யக் கேமராவில் மாட்டலாம், ஜெர்மன் லென்ஸை ஜப்பான் கேமராவில் மாட்டலாம்.

1975இல் பென்டாக்ஸ் திருகை விட்டுவிட்டு வேறு வாய்க்கு மாறியது. நம் ஊரில் பலர் கையில் பார்த்திருக்கக்கூடிய கே 1000 கேமரா அந்த வகை. ஆனால் மாறும்போது அவர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். லென்ஸ் உட்காரும் இடத்துக்கும் பிலிமுக்கும் நடுவே உள்ள தூரத்தை, கிட்டத்தட்ட நாற்பத்தைந்தரை மில்லிமீட்டரை, மாற்றவே இல்லை. அதனால் ஒரு சின்ன வளையம் போட்டால் பழைய திருகு லென்ஸ் கே 1000இலும் சரியாக வேலை செய்யும். நிக்கானில் அந்தத் தூரம் ஒரு மில்லிமீட்டர் கூடுதல். அங்கே கண்ணாடி இல்லாத வளையம் போட்டால் பக்கத்தில் இருக்கும் ஆள் தெளிவாக விழுவார், தூரத்துக் கோபுரம் விழாது. ஒரு மில்லிமீட்டர்தான். வளையம் வாங்குவதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, டார்ச்சுக்கு வருகிறேன். கும்பகோணத்தில் ஒரு பெரியவர் தன் ஸ்டுடியோவை மூடப்போகிறார் என்று கேள்விப்பட்டுப் போயிருந்தேன். மாடிப்படி ஏறியதுமே அந்த வாசனை, பிலிம் கழுவும் மருந்தின் புளித்த வாசனை. அலமாரியில் நம் உதகையில் தயாரான இந்து பிலிமின் காலி டப்பாக்களை அடுக்கி வைத்திருந்தார். அவற்றைத் தூக்கிப் போட மனம் வரவில்லை என்றார்.

அவரிடம் இரண்டு ஹீலியோஸ் 44-2 லென்ஸ்கள் இருந்தன. ஹீலியோஸ் என்பது 58 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 2 வரை திறக்கும். எஃப் எண் சிறிதாக ஆக, வெளிச்சம் நுழையும் திறப்பு பெரிது. ஜெர்மனியில் யேனா நகரத்து கார்ல் ஜெய்ஸ் போருக்கு முன்பு செய்த பயோட்டார் லென்ஸின் அமைப்பைத் தழுவி, மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னோகோர்ஸ்கில் செய்தார்கள். மின்ஸ்கிலும் வால்டாயிலும்கூட இந்த 44-2ஐச் செய்தார்கள். வரிசை எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பெரும்பாலும் ஆண்டைச் சொல்லும்.

ஒரு லென்ஸ் தோல் உறைக்குள், அட்டைப்பெட்டிக்குள், காகிதம்கூடக் கசங்காமல் இருந்தது. இன்னொன்றில் கறுப்புப் பெயின்ட் தேய்ந்து, கை படும் இடமெல்லாம் அலுமினியம் வெள்ளையாகத் தெரிந்தது. இரண்டின் எண்ணும் 81 என்றுதான் ஆரம்பித்தது. பெரியவர் பெட்டியில் இருந்ததை என் பக்கம் தள்ளினார். “இதை எடுத்துக்கோங்க தம்பி, நான் தொட்டதே இல்லை. புத்தம் புதுசு” என்றார்.

“ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள்” என்று சொல்லி டார்ச்சை எடுத்தேன். இதைக் கவனமாகக் கேளுங்கள், செய்யும் முறை இதுதான். அப்பர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் திறப்பை, முழுதாகத் திறந்துவிட வேண்டும். லென்ஸின் பின்பக்கத்திலிருந்து வெளிச்சம் அடித்து, முன்பக்கத்திலிருந்து கொஞ்சம் சாய்வாகப் பார்க்க வேண்டும். அப்புறம் திருப்பிப் பிடித்து மறுபடியும் பார்க்க வேண்டும். கடை வெளிச்சத்தில் பளிங்கு மாதிரி தெரிகிற லென்ஸ், டார்ச்சில் தன் வயிற்றில் இருப்பதையெல்லாம் காட்டிவிடும்.

அந்தப் புத்தம் புது லென்ஸுக்குள் பூஞ்சை. ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, நெல் நாற்றின் வேர் மாதிரி வெள்ளை வெள்ளையாக இழை ஓடியிருந்தது. தேய்ந்துபோன லென்ஸில் நாலைந்து தூசி, முன் கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறல், அவ்வளவுதான். பெரியவர் என்னிடமிருந்து டார்ச்சை வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நெடுநேரம் பார்த்தார். “பத்திரமா வெச்சேனே தம்பி” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. தோல் உறைதான் காரணம். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உள்ளே இருட்டு, காற்றோட்டமும் இல்லை. பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

தேய்ந்ததை வாங்கி வந்தேன். எஃப் 2இல் முழுதாகத் திறந்து, வேப்பமரத்தடியில் ஒரு பையனை ஐந்தடி தூரத்தில் நிறுத்தி எடுத்தால், பின்னால் தூரத்து இலைகள் அவனைச் சுற்றி வட்டமாகச் சுழல்வது போல் விழும். இந்தச் சுழலுக்காகத்தான் இந்த லென்ஸுக்கு இவ்வளவு பெயர். வாங்கும் முன் பார்த்த அந்தக் கீறல் எந்தப் படத்திலும் தெரியவில்லை. தூசிக்கும் முன்பக்கச் சின்னக் கீறலுக்கும் பயப்படாதீர்கள். பின் கண்ணாடியில் கீறல் இருந்தால் யோசியுங்கள். மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி மொத்தமாக மங்கலாக இருந்தால் வேண்டவே வேண்டாம், வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும் படமெல்லாம் வெளுத்துவிடும். பூஞ்சை தொடக்கத்தில் இருந்தால் பிரித்துத் துடைக்கலாம். கோட்டிங்கை, அதாவது கண்ணாடி மேல் பூசிய மெல்லிய பூச்சை, தின்ற பிறகு துடைத்தாலும் தடம் நிற்கும்.

மஞ்சள் லென்ஸ் பற்றியும் கேட்பீர்கள். பென்டாக்ஸின் 50 மில்லிமீட்டர் எஃப் 1.4 டக்குமார் லென்ஸில், ஏழு கண்ணாடி கொண்ட வகையை வெள்ளைத் தாளின் மேல் வைத்தால் டீ டிக்காக்ஷன் நிறத்தில் இருக்கும். அதன் கண்ணாடியில் தோரியம் என்ற கதிரியக்கப் பொருளைக் கலந்திருக்கிறார்கள். மெல்லிய கதிர்வீச்சு உண்டு. கையில் எடுத்துப் படம் எடுப்பதற்குப் பயம் வேண்டாம், உடைக்கவோ தேய்க்கவோ கூடாது. அந்தக் கதிர்வீச்சால்தான் கண்ணாடி பழுப்பாகிறது. வெயிலில் வைத்தால் மெல்ல மெல்லத் தெளியும். நான் மொட்டை மாடியில், அம்மா வடகம் காயப்போட்ட துணிக்குப் பக்கத்தில், ஒரு கண்ணாடிக் கிண்ணத்தின் மேல் வைத்தேன். மதியம் போய்ப் பார்த்தால் கிண்ணத்துக்கு அடியில் இருந்த துண்டில் கடுகளவு கருகல். லென்ஸ் சூரியனைக் குவித்துவிட்டது! அன்றிலிருந்து பின்பக்கத்தை அலுமினியத் தாளால் மூடாமல் வெயிலில் வைப்பதில்லை. மூன்று வாரத்தில் மஞ்சள் பெரும்பாலும் போய்விட்டது. கறுப்பு வெள்ளை ரோல் போடுகிறவர்களுக்கு இந்த வேலையே வேண்டாம், மஞ்சள் ஃபில்டர் போட்ட மாதிரி வானத்தில் மேகம் நன்றாகவே எழும்பும்.

ஒலிப்பதிவு அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள், இரண்டு நிமிடம்தான் இருக்கிறது. இரண்டு லென்ஸை ஒப்பிடுவதைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஒரே ரோல், ஒரே கேமரா, ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரே நேரத்து வெளிச்சம். சுவரில் செய்தித்தாளை நாலு மூலையும் இழுத்து ஒட்டி, ஒவ்வொரு லென்ஸிலும் முழுத் திறப்பில் ஒன்று, எஃப் 4இல் ஒன்று, எஃப் 8இல் ஒன்று. அப்புறம் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிராக ஒன்று. எந்தப் படம் எந்த லென்ஸ், எந்தத் திறப்பு என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், எழுதாவிட்டால் ரோல் வீண். எஃப் 8இல் எல்லா லென்ஸும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். வித்தியாசம் முழுத் திறப்பில் மூலை எழுத்துகளிலும், அந்த ஜன்னல் படத்திலும் தெரியும்.

லென்ஸை வைக்கும் விதம்: காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதில் சிலிக்கா ஜெல், நிறம் மாறினால் புதிது. மாதம் ஒரு தரமாவது வெளியே எடுத்து வளையங்களைத் திருப்புங்கள். உங்கள் பீரோவில் தோல் உறையோடு ஒரு கேமரா இருந்தால், நாளைக் காலை வெயில் வந்ததும் உறையிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். உறை நினைவுப் பொருள், அதைத் தனியே வையுங்கள். எடுத்ததும் ஒரு தடவை டார்ச் அடித்துப் பாருங்கள். செல்போன் வெளிச்சமே போதும். வணக்கம்.