நெட் எங்கே அறுந்தது?

வானொலி நேயர்களுக்கு வணக்கம். இவ்வுரைக்கு என்னை அழைத்த நிலையத்தாருக்கு நன்றி.

ஆனி பிறந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கத் தொடங்கிவிட்டால், செங்கோட்டை, புளியரை, பண்பொழி வட்டாரத்தில் கணினி பழுதுபார்ப்பவர்களின் கைப்பேசிக்கு ஓய்வு கிடையாது. அழைப்பவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "நெட் போச்சு." எங்கே போயிற்று என்று திருப்பிக் கேட்டால் பதில் வராது. அதற்குள் வைஃபை டப்பாவை நான்கு முறை அணைத்து, ஒயர்களையெல்லாம் பிடுங்கிச் செருகி, கடைசியில் பின்புறத்துச் சிறு துளையில் ஊசியையும் விட்டிருப்பார்கள். கோளாறு இருக்கும் இடம் தெரியும்வரை எதையும் மாற்றாதீர்கள் என்பதே நான் இன்று வலியுறுத்த விரும்புவது.

குறிப்பாக அந்த ஊசித் துளையைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டப்பாவின் மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிடம் பொறுத்து மறுபடி போடுவது தீங்கற்றது. பல நேரங்களில் அதுவே போதுமானதாகவும் இருக்கும். ஆனால் 'ரீசெட்' என்று எழுதிய துளையில் குச்சியை விட்டுச் சில நொடிகள் அழுத்தினால், கேபிள்காரர் வந்து பதிந்து வைத்த பயனர் பெயர், கடவுச்சொல் உட்பட எல்லா அமைப்புகளும் அழிந்து, டப்பா ஆலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். பெரும்பாலான வீடுகளில் அந்த விவரங்களை யாரும் குறித்து வைத்திருப்பதில்லை. ஆகவே பத்து நிமிடத்தில் தீர வேண்டிய சிக்கல், ஆள் வந்து சேரும்வரை நீண்டுவிடுகிறது.

வீட்டுக் குழாயில் தண்ணீர் வராதபோது நாம் முதலில் மாடித் தொட்டியையும் அதன் பிறகு தெருக்குழாயையும் பார்க்கிறோமே, இணையத்துக்கும் அதே வரிசை பொருந்தும். கணினியிலிருந்து டப்பா வரை ஒரு பகுதி, டப்பாவிலிருந்து சேவை நிறுவனம் வரை ஒரு பகுதி, அங்கிருந்து வெளியுலகம் வரை ஒரு பகுதி என்று பாதை மூன்றாகப் பிரியும். வீட்டிலுள்ள கைப்பேசியை, அதன் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, அதே வைஃபையில் இணைத்துப் பாருங்கள். கைப்பேசியில் இணையம் வந்தால் பழுது கணினிப் பக்கம். அதிலும் வராவிட்டால் டப்பாவையோ அதற்கு அப்பாலையோ பார்க்க வேண்டும். டேட்டாவை அணைக்க மறந்தால் இந்தச் சோதனையால் ஒரு பயனும் இல்லை.

இரண்டிலும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். டப்பாவின் விளக்குகளைப் பாருங்கள். கண்ணாடி இழை இணைப்புள்ள டப்பாக்களில் 'பி.ஓ.என்.' என்ற விளக்கு பச்சையாக நிலைத்து எரிய வேண்டும். 'எல்.ஓ.எஸ்.' என்பது சிவப்பாக எரிந்தாலோ சிமிட்டினாலோ, இழை வழியாக ஒளி உங்கள் வீட்டுக்கு வந்து சேரவில்லை என்று பொருள். அந்நிலையில் கணினியில் எதை மாற்றினாலும் பயனில்லை. நம் பகுதியில் இழை பெரும்பாலும் மின்கம்பங்களிலும் தென்னை மரங்களிலும் தொங்கிக்கொண்டு வருகிறது. ஆடிக் காற்றில் ஒரு மட்டை விழுந்தால் போதும். இருந்தாலும் வீட்டுக்குள் ஒரு முறை பார்த்துவிடலாம். சுவர்ப் பெட்டியிலிருந்து டப்பாவுக்கு வரும் மெல்லிய மஞ்சள் ஒயர், மேசைக்காலில் நசுங்கியிருக்கிறதா, கூரிய வளைவாக மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருப்பது கண்ணாடி என்பதால், செம்புக் கம்பியைப் போல அதை மடக்க முடியாது. பழுது பார்க்க வருபவர் பேனா போன்ற ஒரு கருவியால் சிவப்பு ஒளியைச் செலுத்தும்போது, ஒடிந்த இடத்தில் மஞ்சள் உறையைத் தாண்டிச் சிவப்பு கசிவதை நீங்களே காணலாம். அவர் இல்லாத நேரத்தில் இழையைக் கழற்றி அதன் நுனியைக் கண்ணருகே கொண்டுபோக வேண்டாம். நிறுவனம் அனுப்பும் ஒளி 1490 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு, ஆதலால் அது இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

விளக்குகள் எல்லாம் சரியாக எரிந்தும் இணையம் இல்லையென்றால், கட்டணக் காலம் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். இதைச் சொல்லும்போது பலர் சிரிப்பார்கள். நான் போய்ப் பார்க்கும் வீடுகளில் இது அரிதான காரணம் அன்று.

இனி, கைப்பேசியில் வருகிறது, கணினியில் மட்டும் வரவில்லை என்ற நிலை. விமானப் பயன்முறை தவறுதலாக இயங்கியிருக்கலாம், டப்பாவையும் கணினியையும் இணைக்கும் லேன் ஒயரின் கொக்கி உடைந்து தளர்ந்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம். இவை கண்ணால் பார்த்தே தீர்க்கக்கூடியவை. அவை சரியாக இருந்தால், கணினியிடமே கேட்க வேண்டும். விண்டோஸ் கணினியின் தேடல் பெட்டியில் சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி என்டர் கொடுத்தால் ஒரு கறுப்புத் திரை திறக்கும். அதில் 'ஐபிகான்ஃபிக்' என்ற சொல்லை, அதாவது ஐ, பி, சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற ஆங்கில எழுத்துகளை இடைவெளி இல்லாமல் தட்டி என்டர் கொடுங்கள். வரும் வரிகளில் இரண்டை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: ஐ.பி.வி.4 முகவரி, அதாவது உங்கள் கணினியின் எண்; டிஃபால்ட் கேட்வே, அதாவது டப்பாவின் எண். முகவரி 169.254 என்று தொடங்கினால், டப்பா கணினிக்கு முகவரி எதுவும் தரவில்லை, கணினி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று அறியலாம். டப்பாவையும் கணினியையும் ஒரு முறை அணைத்துப் போட்டால் பெரும்பாலும் இது சரியாகிவிடும்.

முகவரி ஒழுங்காக இருந்தால் அதே கறுப்புத் திரையில் 'பிங்' என்று, அதாவது பி, ஐ, என், ஜி என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, கேட்வே வரியில் கண்ட எண்ணைத் தட்டுங்கள். பதில் வந்தால் டப்பா வரை பாதை நலம். அடுத்து அதே போல பிங் இடைவெளி 8.8.8.8. இது வெளியுலகில் உள்ள கூகுள் நிறுவனத்தின் எண்; பதில் வந்தால் வெளியுலகம் வரை பாதை நலம். இங்கே ஓர் எச்சரிக்கை: 'ரிப்ளை' என்று வரி தொடங்கியதாலேயே பதில் வந்துவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். அதே வரியில் 'அன்ரீச்சபிள்' என்று இருந்தால், சென்றடைய முடியவில்லை என்று உங்கள் கணினியோ டப்பாவோ வழியிலுள்ள வேறொரு கருவியோதான் சொல்கிறது. 'டைம்' என்று மில்லிநொடிக் கணக்கு வரும் வரியே உண்மையான பதில். இந்த இரண்டாவது பிங்கும் வெற்றி பெற்று, வலைத்தளங்கள் மட்டும் திறக்கவில்லையென்றால், தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். சேவையில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். கணினியின் நெட்வொர்க் அமைப்பில் டி.என்.எஸ். முகவரியாக 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று கொடுத்துப் பாருங்கள்.

பழைய மேசைக் கணினிகளில் இன்னொரு காரணமும் ஒளிந்திருக்கும். தாய்ப்பலகையிலுள்ள 'சி.ஆர். 2032' என்ற காசு வடிவ மின்கலம் தீர்ந்துபோனால், ஒவ்வொரு மின்தடைக்குப் பிறகும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். தேதி தவறினால், தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவை என்று உலாவி மறுத்துவிடும். வீட்டார் இதை நெட் போனதாகவே எண்ணுவார்கள். திரையின் வலது மூலையிலுள்ள கடிகாரத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டால் வீண் அலைச்சல் மிச்சம்.

ஐப்பசி இடி வேறு விதமானது. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது என்றாலும், மின்னலின் தாக்கம் வீட்டு மின்கம்பி வழியாக டப்பாவுக்குள் புகுந்து, அங்கிருந்து லேன் ஒயர் வழியாகக் கணினிக்குப் போய்விடும். வைஃபை எல்லாக் கருவிகளிலும் வேலை செய்து, கணினியின் லேன் துளையில் மட்டும் விளக்கு எரியாமல், வேறு ஒயர் மாற்றியும் பலன் இல்லையென்றால், அந்தத் துளை எரிந்துபோயிருக்கலாம். தாய்ப்பலகையையே மாற்றச் சொல்பவர்கள் உண்டு, யு.எஸ்.பி.யில் செருகும் சிறிய வைஃபை அடாப்டர் ஒன்றே போதும் என்பது என் கருத்து. இடி தொடங்கும்போது மின்பிளக்கை மட்டுமின்றி லேன் ஒயரையும் கழற்றிவிடுங்கள்.

சேவை நிறுவனத்துக்கு அழைக்கும்போது "நெட் வரவில்லை" என்று மட்டும் சொல்லாமல், எந்த விளக்கு என்ன நிறத்தில் எரிகிறது, கேட்வே பதில் தருகிறதா, 8.8.8.8 பதில் தருகிறதா என்பவற்றைச் சொல்லுங்கள். அணைத்துப் போடுங்கள் என்ற முதல் கட்ட அறிவுரையை அவர்கள் தாண்டிச் செல்ல இது உதவும். புகார் எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

ஆள் வரும்வரை, தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாள் போன்ற அவசரம் இருந்தால், கைப்பேசியை யு.எஸ்.பி. ஒயரால் கணினியில் செருகி டெதரிங் செய்துகொள்ளலாம், அதாவது கைப்பேசியின் டேட்டாவைக் கணினிக்குப் பகிர்ந்துகொள்ளலாம். எல்லையோரத்தில் இருக்கும் நமக்கு இதில் ஒரு தொல்லை உண்டு. தமிழ்நாடும் கேரளமும் தனித்தனித் தொலைத்தொடர்பு வட்டங்கள். புளியரைப் பக்கம் கைப்பேசி இரண்டு மாநிலக் கோபுரங்களுக்கும் மாறிமாறித் தாவும்போது, சிக்னல் கோடுகள் நிறைந்திருந்தும் டேட்டா நகராது. கைப்பேசியை அசையாமல் ஒரு சன்னலோரம் வையுங்கள். அப்படியும் தாவினால், அமைப்புகளில் நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி, வலுவான ஒன்றை நீங்களே தேர்ந்துகொள்ளுங்கள். கணினியிலும் அந்த இணைப்பை 'மீட்டர்டு' என்று குறித்துவிட்டால், விண்டோஸின் பெரிய புதுப்பிப்புகள் உங்கள் டேட்டாவைக் காலி செய்யாமல் காத்திருக்கும். நன்றி, வணக்கம்.