கால் பெருவிரலைக் கடித்த கதை

நேயர்களுக்கு வணக்கம். சவ அடக்கம் செய்யும் ஆளைப் பிரெஞ்சுப் பேச்சுவழக்கில் குரோக்மோர் என்பார்கள். குரோக் என்றால் நறுக்கென்று கடிப்பது. மோர் என்றால் செத்தவர். நம் வீட்டு மோர் இல்லை, பயப்படாதீர்கள்!

நான் பிரெஞ்சு படித்த நாளில் எங்கள் வாத்தியார் ஒருநாள் செருப்பைக் கழற்றி, காலை நாற்காலி மேல் தூக்கி வைத்து, பெருவிரலைத் தொட்டுக் காட்டினார். "இங்கேதான் கடிப்பான்!" ஆள் செத்தது நிஜம்தானா என்று பார்க்க ஒரு கடி. உயிர் இருந்தால் கத்துவார். கத்தாவிட்டால் பெட்டியை மூடலாம். இடைக்காலத்து வழக்கம் என்றார். வகுப்பே முகம் சுளித்துச் சிரித்தது. நானும் பல வருஷம் இதையே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். பிரான்சிலும் இன்றுவரை சொல்கிறார்கள்.

கதை ருசியானதுதான், ஆனால் பொய். அந்தச் சொல் எழுத்தில் தலைகாட்டுவதே 1788 வாக்கில். உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற பயம் மட்டும் நிஜம். 1740-இல் பாரிஸில் வின்ஸ்லோ என்ற மருத்துவர், சாவின் அடையாளங்களை நம்ப முடியாது என்றே எழுதினார். 1804-இல் வந்த சட்டம், 24 மணி நேரம் கழித்துத்தான் புதைக்கலாம் என்றது. காத்திருந்தார்கள் சரி, யாரும் கடிக்கவில்லை.

அப்படியானால் அந்தக் கடி எங்கிருந்து வந்தது? அப்பன் சொத்தை மகன் ஏப்பம் விட்டான் என்கிறோம் அல்லவா? பிரெஞ்சிலும் சொத்தைக் கரைத்துத் தீர்க்க அதே குரோக் என்ற வினைதான். ஆளைப் பெட்டியில் போட்டு, இருந்த இடம் தெரியாமல் ஆக்குகிறவன் குரோக்மோர். திரும்பவும் சொல்கிறேன், இதில் பல் இல்லை, நக்கல்தான்.

நாம் பிணந்தின்னி என்போம். பெயர் முன்னே, வினை பின்னே. அங்கே தலைகீழாகத் தின்னிப்பிணம். குமாஸ்தாவைக் கேலியாகக் கிராத்பாப்பியே என்பதும் இப்படித்தான்: சுரண்டு, காகிதம். மருத்துவச்சிக்கு சாஜ்ஃபாம், ஃபாம் என்றால் பெண். 1982-இல் ஆண்களையும் அந்த வேலைக்குச் சேர்த்தபோது, பெயரில் இருக்கும் பெண்ணை என்ன செய்வது என்று ஒரு சர்ச்சை... நேரம் முடிந்தது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். சரி, அந்த ஆண்களும் இன்றைக்கு சாஜ்ஃபாம்தான். வணக்கம்.