அடுத்த ஐபோனிடம் நான் கேட்பது

(கைபேசி பழுதுநீக்குவோரும் தொழிற்பயிற்சி மாணவர்களும் ஸ்ரீபெரும்புதூரில் கூடிய மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர், தொழிற்பயிற்சி நிலைய முதல்வர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, இந்த மாடி அரங்கை வாடகை வாங்காமல் திறந்துவிட்ட நூலகர் அம்மா அவர்களே, வாலாஜாபாத்திலிருந்து பஸ் ஏறி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் என் ஆசிரியர், 84 வயதிலும் கூட்டம் என்றால் முதல் ஆளாக வரும் தலைமையாசிரியர் ஐயா அவர்களே, கடையை அரைநாள் பூட்டிவிட்டு வந்திருக்கும் பழுதுநீக்கும் தோழர்களே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

முதல்வர் ஐயாவைப் பற்றி நான்கு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் பேச்சுக்குள் போக வேண்டும். அவரிடம் பதினோரு ஆண்டு வேலை பார்த்தவன் நான். எலக்ட்ரானிக்ஸ் பிரிவுப் பிள்ளைகள் பிரித்துப் பழகுவதற்குப் பழைய செல்போன் போர்டுகளை மூட்டையாக வாங்கிவரத் தன் சட்டைப்பையிலிருந்து பணம் கொடுத்தவர். "உடைத்துப் பழகட்டும், கேள்வி வந்தால் நான் பதில் சொல்கிறேன்" என்பார். இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் எத்தனை செல்போன் கடைகளில் அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்து குடும்பம் காப்பாற்றுகிறார்கள் என்பது இந்த அரங்கைப் பார்த்தாலே தெரிகிறது. அதேபோல, மதியம் கரண்ட் போனதும் ஆளனுப்பி ஜெனரேட்டர் வைத்துக்கொடுத்த சங்கத் தலைவருக்கும் கூட்டத்தின் சார்பில் நன்றி.

எனக்குக் கொடுத்த தலைப்பு, அடுத்த தலைமுறை ஐபோன் எப்படி இருக்க வேண்டும் என்பது. ஐந்து எதிர்பார்ப்புகளைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். கேமரா, தமிழ், விலை, பேட்டரி, நம் ஊர்த் தொழிலாளர். வரிசையாகவே போகிறேன்.

கேமராவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2007இல் வந்த முதல் ஐபோனில் இருந்தது 2 மெகாபிக்சல். 2025இல் வந்த ஐபோன் 17இல் 48 மெகாபிக்சல். கல்யாண மண்டபத்து வெளிச்சத்தில் மாப்பிள்ளை முகம் வெளுத்துப் போகாமல் விழுந்தால் எனக்குப் போதும். தமிழைப் பற்றிப் பேச வேண்டுமானால் இந்த மாலை போதாது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி எழுத்துரு ஆப்பிள் கணினிக்குள் போன கதையே ஒரு மணிநேரம் ஓடும். அதைத் தனிக் கூட்டமாக வைப்போம் என்று நூலகர் அம்மா சொல்லியிருக்கிறார்கள். விலையையும் இன்னொரு நாளைக்கு விட்டுவிட்டு பேட்டரிக்கு வருகிறேன்.

என் அம்மா எதற்கெடுத்தாலும் ஒரு பழமொழி சொல்வார்கள். காய்ச்சலில் படித்தால் சொல்வார்கள், சாப்பிடாமல் பள்ளிக்கூடம் ஓடினால் சொல்வார்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். கைபேசிக்குச் சுவர் எது? பேட்டரி. கேமரா, திரை, சிப்பு எல்லாம் அதன்மேல் எழுதிய சித்திரம். சிப்பு பத்து வருஷம் உழைக்கும். திரையைக் கீழே போடாமல் இருந்தால் அதுவும் உழைக்கும். இந்தச் சுவர் மட்டும் ஏற்றி இறக்குகிற ஒவ்வொரு சார்ஜிலும் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். அது லித்தியம் அயன் என்ற இந்த வகை பேட்டரியின் இயற்கை, யாருடைய குற்றமும் இல்லை.

ஆப்பிள் சொல்லும் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஐபோன் 14 வரைக்கும், 500 முறை முழுதாக ஏற்றி இறக்கினால் பேட்டரியின் கொள்ளளவு 80 சதவீதத்துக்கு வரும். ஐபோன் 15இலிருந்து 1,000 முறை. ஒரு நாளைக்கு ஒரு முறை என்று வைத்தால் முதலாவது ஒன்றரை வருஷம்கூட இல்லை, இரண்டாவது மூன்று வருஷம்கூட இல்லை. இன்னொன்றும் அவர்களே சொல்கிறார்கள். 35 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கிற இடத்தில் கைபேசியைப் பயன்படுத்தாதீர்கள் என்கிறார்கள். தோழர்களே, அக்கினி நட்சத்திரத்தில் நமக்கு 35 டிகிரி எப்போது வருகிறது? காலை பத்து மணிக்கு, டீக்கடை நிழலிலேயே வந்துவிடுகிறது. மற்ற ஊரைவிட நம் ஊரில் சுவர் சீக்கிரம் உதிரும். அப்படியானால் மற்ற ஊரைவிட நமக்குத்தான் அதை எளிதாக மாற்றத் தெரிய வேண்டும், மாற்ற முடிய வேண்டும்.

ஒரு காலத்தில் முடிந்தது. இதே ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் நோக்கியா ஆலை திறந்தார்கள். அப்போது ஊரெல்லாம் BL-5C என்று ஒரு பேட்டரி. தீப்பெட்டி அளவுதான் இருக்கும். முதுகு மூடியைக் கட்டைவிரலால் அழுத்தித் தள்ளு, நகத்தால் நெம்பு, வந்துவிடும். 2007 ஆகஸ்டில் அதில் ஒரு சிக்கல் வந்தது. மட்சுஷிட்டா நிறுவனம் செய்துகொடுத்த 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள் சார்ஜில் சூடாகலாம் என்று நோக்கியா எச்சரித்தது. வாடிக்கையாளர் என்ன செய்தார்? மூடியைக் கழற்றினார், பேட்டரியின் முதுகில் இருந்த எண்ணைப் படித்தார், அந்த வரிசையில் வந்ததென்றால் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டார். போன் அவரிடமே இருந்தது. ஒன்பது ஆண்டு கழித்து, 2016இல், சாம்சங் நோட் 7க்கும் பேட்டரியில்தான் கோளாறு. ஆனால் பேட்டரி உள்ளே ஒட்டிய பேட்டரி. 25 லட்சம் போன்களை முழுசாகத் திரும்ப வாங்கினார்கள், கடைசியில் அந்த மாடலையே நிறுத்தினார்கள். சுவரும் சித்திரமும் ஒன்றாகப் போயின. மாணவர்கள் இந்த இரண்டையும் நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இப்போது என் பெரியக்கா கதையைச் சொல்ல வேண்டும்.

அக்கா இருப்பது உத்திரமேரூர்ப் பக்கம். அத்தான் தவறி நான்கு வருஷம் ஆகிறது. ஒரே பையன் வளைகுடாவில் வேலை. அவன் தான் வைத்திருந்த விலையுயர்ந்த போனை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். எந்தக் கம்பெனி என்பது இங்கே தேவையில்லை. தினமும் ராத்திரி எட்டு மணிக்கு வீடியோவில் வருவான், பேரப்பிள்ளை வரும். ஒரு பொங்கலுக்குப் போயிருந்தேன். எட்டு மணி ஆனதும் அக்கா ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் சுவிட்ச் போர்டுக்குக் கீழே போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். "ஏன்க்கா அங்கே போய் உட்காருறே, இப்படிக் காத்தாட வா" என்றேன். "ஒயரை உருவினா அணைஞ்சிடும்டா தம்பி. முப்பதுன்னு காட்டும், ஒரு வார்த்தை பேசறதுக்குள்ள இருட்டாயிடும்" என்றார்கள். பேரப்பிள்ளை அந்தப் பக்கம் "பாட்டி, பசு மாட்டைக் காட்டு" என்கிறது. மாடு கொல்லையில். ஒயர் ஒன்றரை முழம். ஆறு மாசமாக அந்தக் குழந்தை பார்த்தது பாட்டி முகத்தையும் சுண்ணாம்பு பெயர்ந்த சுவரையும்தான்.

போனை வாங்கி மேசையில் வைத்தேன். தட்டையாகப் படுக்காமல் தொட்டில் மாதிரி ஆடியது. முதுகு உப்பியிருக்கிறது. திரையின் ஓரத்தில் நகம் நுழைகிற அளவுக்கு இடைவெளி. பேட்டரி பூரி மாதிரி எழும்பித் திரையையே தள்ளுகிறது. அந்தப் போனைத் தலையணைக்குப் பக்கத்தில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறார்கள் என் அக்கா! மறுநாளே சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதலில் ஒரு சர்வீஸ் சென்டர். டோக்கன், கண்ணாடி அறை, ஏசி. முக்கால் மணி காத்திருந்தபின் ஒரு தம்பி வந்தார். பேட்டரி மாற்ற வேண்டும் என்றோம். இந்த மாடலை எக்ஸ்சேஞ்சில் கொடுத்தால் எவ்வளவு கிடைக்கும் என்று சொன்னார். பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை. மறுபடி கேட்டோம். பேட்டரி வரவழைக்கப் பத்து நாள் ஆகும், திறக்கும்போது டிஸ்ப்ளே உடைந்தால் பொறுப்பில்லை, உள்ளே இருப்பதெல்லாம் அழிந்தாலும் பொறுப்பில்லை, இதில் கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு தாளை நீட்டினார்.

அக்கா தாளை வாங்கவில்லை. போனை முந்தானையில் சுற்றிக்கொண்டார்கள். வெளியே வந்து பிளாட்பாரத்தில் நின்றபிறகுதான் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தபோது அத்தான் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் பதினேழு அதில் இருக்கிறது. "மாத்திரை போட்டியா", "கதவைச் சாத்திட்டுப் படு", இப்படி. மகன் கொடுத்த போனில் அவர் குரலும் சேர்ந்தே இருந்தது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

நேரே ரிச்சி தெரு, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தை. அங்கே என்னிடம் படித்த பிள்ளை ஒருவன் நாலுக்கு நாலு இடத்தில் கடை வைத்திருக்கிறான். போனைப் பார்த்ததும் "அம்மா, எதுவும் அழியாது, நீங்க இப்படி உட்காருங்க" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். ஹீட் பிளேட்டில் வைத்து ஓரத்துப் பசையை இளக்கினான். பிளாஸ்டிக் சில்லை விட்டு அங்குலம் அங்குலமாகத் திரையை நெம்பினான். கன்னெக்டரைக் கழற்றிவிட்டு, பேட்டரிக்கு அடியில் இருந்த பசைப்பட்டையின் நுனியைப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு மெதுவாக இழுத்தான். பாதியில் அறுந்தது. ஸ்பிரிட்டைச் சொட்டு விட்டுக் காத்திருந்தான். உப்பிய பேட்டரியில் நுனி குத்தினால் தீப்பிடிக்கும். அவன் நெற்றி வேர்வை போனில் விழாமல் அக்கா முந்தானையால் துடைத்துவிட்டார்கள். ஐம்பது நிமிஷம். எடுத்த பேட்டரியை மணல் வாளியில் போட்டான். அன்று ராத்திரி எட்டு மணிக்கு அக்கா கொல்லைக்கு நடந்துபோய் மாட்டைக் காட்டினார்கள்.

அந்தப் பிள்ளையின் கை பொன்னான கை. ஆனால் ஒரு பேட்டரி மாற்ற அத்தனை பெரிய கை எதற்கு? என் கேள்வி அதுதான். பசை இல்லாவிட்டால் அக்காவே மாற்றியிருப்பார்கள்.

ஐபோனுக்கு வருகிறேன். முதல் ஐபோனிலிருந்தே பேட்டரி உள்ளே மூடித்தான் இருக்கிறது. ஐபோன் 4 காலத்தில் சார்ஜ் துளைக்கு இரண்டு பக்கமும் ஐந்து இதழ் ஸ்க்ரூ வந்தது, சாதாரண ஸ்க்ரூடிரைவர் நுழையாது. 2017 டிசம்பரில், பேட்டரி தளர்ந்த பழைய ஐபோன்கள் சட்டென்று அணைந்துவிடாமல் இருக்க மென்பொருள் வழியே வேகத்தைக் குறைத்திருந்ததை ஆப்பிள் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. பேட்டரி மாற்றக் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராக ஓராண்டுக்குக் குறைத்தது. போன் பழசாகிவிட்டது என்று நினைத்தவர்கள் பேட்டரியை மாற்றியதும் பழைய வேகம் திரும்பியது. சுவர் இருந்தால் சித்திரம் இருக்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

அந்த நிறுவனம் மாறாது என்று நான் சொல்ல வரவில்லை. மாறும். 2022 ஏப்ரலில் அமெரிக்காவில் பாகங்களையும் கருவிகளையும் வாடிக்கையாளருக்கே விற்கத் தொடங்கியது. 2024இல் ஐபோன் 16இன் பேட்டரிக்கு ஒரு புதுப் பசை போட்டார்கள். மல்டிமீட்டரில் போடுகிறோமே, 9 வோல்ட் சதுர பேட்டரி, அதன் இரண்டு முனையையும் தொடுத்து ஒன்றரை நிமிஷம் காத்திருந்தால் பசை தானே விட்டுவிடும். இழுக்க வேண்டாம், அறுபடாது. ரிச்சி தெருவில் என் மாணவன் இதை முதல்தடவை செய்துவிட்டு எனக்குப் போன் போட்டு, "சார், தானா வந்துடுச்சு சார்" என்று கத்தினான். அந்தப் பொறியாளர்களை மனமாரப் பாராட்டுகிறேன். இவ்வளவு தூரம் வந்தவர்கள் இன்னும் ஒரு படி வரட்டும். ஹீட் பிளேட் இல்லாமல், வீட்டில் இருக்கும் ஸ்க்ரூடிரைவரால் திறக்கிற மூடி வேண்டும். வேறு பேட்டரி போட்டால் "அறியப்படாத பாகம்" என்று திரையில் எச்சரிக்கிற பழக்கமும் போக வேண்டும். அடுத்த ஐபோனிடம் நான் கேட்பது இவ்வளவுதான்.

தண்ணீர் புகுந்துவிடுமே என்பார்கள். 2014இல் வந்த சாம்சங் எஸ்5 தண்ணீருக்குத் தாங்கியது, பேட்டரியையும் கையால் கழற்ற முடிந்தது. ஒல்லியாகச் செய்ய முடியாதே என்பார்கள். ஐபோன் ஏர் 5.6 மில்லிமீட்டர். நம் வீட்டில் 8 மில்லிமீட்டர் போன் யாருக்காவது கை வலித்ததா?

கேட்டால் தருவார்களா என்றால், சட்டம் கேட்டால் தருவார்கள். ஐரோப்பிய ஒன்றியம் எல்லோருக்கும் ஒரே சார்ஜர் என்று சட்டம் போட்டது. ஐபோனில் 2012 முதல் இருந்த லைட்னிங் என்ற சார்ஜ் முனை 2023இல் ஐபோன் 15ஓடு போய் யூஎஸ்பி-சி வந்தது. அதே ஐரோப்பாவில், 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்ற விதி அமலுக்கு வருகிறது. ஆனால் கைபேசிக்கு ஒரு ஜன்னல் திறந்து வைத்திருக்கிறார்கள். 1,000 முறை ஏற்றி இறக்கிய பிறகும் 80 சதவீதம் தாங்கி, தண்ணீரும் புகாது என்றால் கடைக்காரர் மாற்றினால் போதும் என்கிறார்கள். 35 டிகிரி தாண்டுகிற நாட்டுக்கு அந்த ஜன்னல் ஆகாது. கலிபோர்னியாவில் 2024 ஜூலை முதல் ஏழு ஆண்டுக்குப் பாகங்கள் தர வேண்டும் என்று சட்டம் நடக்கிறது. அதற்கு ஆப்பிளே ஆதரவுக் கடிதம் கொடுத்தது. இந்தியாவில் நுகர்வோர் துறை 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமைக்கு ஒரு குழு அமைத்தது, அந்த டிசம்பரில் ஒரு இணைய வாசலும் திறந்தது. வாசல் இருக்கிறது, சட்டம் இன்னும் இல்லை. நான் ஊர் ஊராகப் போய்ப் பேசுவது அந்தச் சட்டத்துக்காகத்தான்.

மணி ஏழரை என்று முதல்வர் ஐயா கடிகாரத்தைக் காட்டுகிறார். தொழிலாளரைப் பற்றி ஒன்றே ஒன்று. சுங்குவார்சத்திரம் பக்கம் விடியற்காலையில் ஐபோன் ஆலைக்கு வரிசை வரிசையாக பஸ்கள் போகின்றன. அதில் போகிற பெண் பிள்ளைகளின் கையில்தான் ஐபோன் முழு உருவம் பெறுகிறது. ஐபோன் 15, உலகத்தில் விற்பனைக்கு வந்த அன்றே, இங்கே கோத்த போனும் கடைக்கு வந்தது. பேட்டரியை வைத்து மூடத் தெரிந்த ஊருக்கு அதைத் திறக்கும் உரிமையும் வேண்டும்.

படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். அதில் 300 அஞ்சலட்டை இருக்கிறது, முகவரி எழுதியாகிவிட்டது: நுகர்வோர் விவகாரத் துறை, கிருஷி பவன், புது தில்லி. நீங்கள் எழுத வேண்டியது உங்கள் போனில் பேட்டரி மாற்றப் போனபோது என்ன நடந்தது என்பது மட்டும். தமிழிலேயே எழுதுங்கள். பேனா கொண்டுவராதவர்களுக்கு நூலகர் அம்மா கொடுப்பார்கள். என் அக்கா தன் கார்டை நேற்றே எழுதிக் கொடுத்தனுப்பிவிட்டார்கள். அது மேசையில் முதலாவதாக இருக்கிறது. நன்றி, வணக்கம்.