முதல் அறிக்கையை எழுதுவது யார்?

நேயர்களுக்கு வணக்கம். முஸ்லிம் உறவுகளுக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

2020ஆம் ஆண்டு மே மாதம் 25ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரப் பொலிஸார் ஒரு சின்ன அறிக்கை வெளியிட்டார்கள். பொலிஸ் நடவடிக்கை ஒன்றின்போது சுகவீனமுற்ற ஒருவர் இறந்துவிட்டார் என்பதுதான் அதன் சாரம். ஆள் போதையில் இருப்பதுபோலத் தெரிந்ததாம். கைதுக்கு இணங்கவில்லையாம். விலங்கு மாட்டிய பிறகு அவருக்கு உடம்பு சரியில்லை என்று கண்டு பொலிஸாரே அம்புலன்ஸை அழைத்தார்களாம். ஆயுதம் எதுவும் பாவிக்கப்படவில்லையாம். அவருடைய கழுத்தில் ஒரு பொலிஸ்காரரின் முழங்கால் இருந்ததைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

இறந்தவர் ஜோர்ஜ் புளொய்ட், 46 வயது. இருபது டொலர் கள்ளநோட்டுக் கொடுத்தார் என்ற சந்தேகத்தில் பிடித்தார்கள். டெரெக் சோவின் என்ற பொலிஸ்காரர் 9 நிமிடம் 29 செக்கன் அவர்மேல் முழங்காலை ஊன்றியிருந்தார். மூச்சு விட முடியவில்லை என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார், அம்மாவைக் கூப்பிட்டார், பிறகு பேச்சு நின்றது. பேச்சு நின்ற பிறகும் முழங்கால் எடுபடவில்லை.

அந்த அறிக்கையோடு விசயம் முடிந்திருக்கும். முடியாமல் போனதற்குக் காரணம் டார்னெல்லா பிரேசியர் என்ற 17 வயதுப் பிள்ளை. ஒன்பது வயது மச்சாளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனவர், அந்தச் சின்னவளைக் கடைக்குள் அனுப்பிவிட்டு, தான் நடைபாதையில் நின்று கைபேசியில் எல்லாவற்றையும் பதிவுசெய்தார். அன்றிரவே அதைப் பேஸ்புக்கில் போட்டார். மறுநாள் நான்கு பொலிஸார் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் சோவின் கொலைக் குற்றவாளியானார், யூனில் இருபத்திரண்டரை வருடச் சிறை விதிக்கப்பட்டது.

அந்த நடைபாதையில் வேறு ஆட்களும் நின்றார்கள். அவர்களைப் பற்றி நாங்கள் அதிகம் பேசுவதில்லை. விடுமுறையில் இருந்த தீயணைப்புப் படைப் பெண் ஒருவர், நாடித்துடிப்பைப் பாருங்கள், நான் உதவி செய்கிறேன் என்று கெஞ்சினார். விடவில்லை. இன்னொருவர் பொலிஸ் அவசர இலக்கத்துக்கே அழைத்து, உங்கள் பொலிஸார்தான் இங்கே ஆளைக் கொன்றுவிட்டார்கள் என்று முறையிட்டார். இவர்கள் எல்லோரும் பிறகு நீதிமன்றத்தில் ஏறிச் சாட்சி சொன்னார்கள், சொல்லும்போது அழுதார்கள். ஊர்வலம் போனவர்களின் தொகையை விட இந்த நாலைந்து பேரின் பிடிவாதம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அவர்கள் அங்கிருந்து நகரவில்லை.

மறுநாளே ஆட்கள் வீதிக்கு வந்தார்கள். கொரோனாப் பயத்தில் உலகமே கதவைச் சாத்தியிருந்த நேரம் அது. சில நாட்களுக்குள் அமெரிக்காவின் 50 மாநிலங்களிலும் ஊர்வலம். பிறகு லண்டன், பாரிஸ், சிட்னி. யூன் 7ஆம் திகதி இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், அடிமை வியாபாரத்தில் பணம் சேர்த்த எட்வர்ட் கொல்ஸ்டனின் சிலையை இழுத்துக் கொண்டுபோய்த் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள். மினியாபொலிஸில் ஒரு பொலிஸ் நிலையத்தையும் பல கடைகளையும் எரித்ததும் நடந்தது. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். எரிந்தவற்றில் ஏழைகளின் கடைகளும் இருந்தன. ஆனால் அந்த நெருப்பை மட்டும் காட்டி, அமைதியாக நடந்த இலட்சக்கணக்கானவர்களை மறைப்பதும் நேர்மையில்லை.

சிலர் கேட்பார்கள்: கெட்ட பொலிஸ்காரர் ஒருவர் செய்ததற்கு ஏன் முழு அமைப்பையும் இழுக்கவேண்டும் என்று. அதற்கு நல்ல பதில் மிசூரி மாநிலத்தின் பெர்கஸன் என்ற சின்ன நகரத்தில் இருக்கிறது. 2014 ஓகஸ்டில் அங்கே மைக்கல் பிரவுன் என்ற 18 வயது இளைஞர் பொலிஸ் சூட்டில் இறந்தார். மக்கள் மாதக்கணக்காக வீதியில் நின்றார்கள். சுட்டவர்மீது வழக்குப் போடவில்லை. ஆனால் அந்தப் போராட்டத்தின் அழுத்தத்தால் மத்திய நீதித் திணைக்களம் நகரத்தின் பொலிஸையும் நீதிமன்றத்தையும் துருவி ஆராய்ந்து, 2015 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. நகரத்தின் சனத்தொகையில் கறுப்பினத்தவர் 67 வீதம். வாகனத்தை மறித்துச் சோதிக்கப்பட்டவர்களில் அவர்கள் 85 வீதம், கைதானவர்களில் 93 வீதம். ஏன்? நகரசபை தன் வருமானத்துக்குத் தண்டப்பணத்தை நம்பியிருந்தது. எவ்வளவு துண்டு எழுதினாய் என்று பொலிஸாரைக் கேட்டார்கள். தண்டம் கட்ட முடியாதவர் வழக்குக்கு வராவிட்டால் பிடியாணை. பிடியாணை வந்தால் வேலை போகும், வேலை போனால் அடுத்த தண்டத்துக்கும் காசு இருக்காது. தனிப்பட்ட ஒருவரின் வெறுப்பு இல்லாமலே இந்த இயந்திரம் ஓடும். வெறுப்பும் சேர்ந்தால் இன்னும் வேகமாக ஓடும், அங்கே அதுவும் இருந்தது. அதிகாரிகள் தங்களுக்குள் அனுப்பிய இனவெறி மின்னஞ்சல்களும் அந்த விசாரணையில் அகப்பட்டன.

சரி, இதையெல்லாம் மட்டக்களப்பில் இருந்துகொண்டு நான் ஏன் பேசுகிறேன்?

ஜோர்ஜ் புளொய்ட் இறந்த அதே 2020 மே 25ஆம் திகதி, நம் நாட்டில் அளுத்கமைக்குப் பக்கத்தில் தர்கா நகரில், ஆட்டிசம் உள்ள 14 வயது முஸ்லிம் சிறுவன் ஊரடங்கு நேரத்தில் சைக்கிளில் வெளியே வந்துவிட்டான். சோதனைச்சாவடியில் வைத்து அவனை அடித்தார்கள். பேச்சு விளங்காத பிள்ளை என்று தகப்பன் சொல்லியும் அவ்வளவு இலகுவில் காது கொடுக்கவில்லை. கமெராப் பதிவு வெளியே வந்த பிறகுதான் நாடு அதைப் பற்றிப் பேசியது. அங்கேயும் கமெராதான், இங்கேயும் கமெராதான். அடுத்த மாதம் 9ஆம் திகதி, புளொய்டுக்கு நீதி கேட்டுக் கொழும்பில் முன்னிலை சோஷலிஸக் கட்சியினர் நடத்திய ஆர்ப்பாட்டத்தைப் பொலிஸார் கலைத்து, ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கைதுசெய்தார்கள். ஆட்களைத் தூக்கி வாகனத்துக்குள் எறியும் காட்சியை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். பொலிஸ் வன்முறைக்கு எதிராகக் கூடியவர்களுக்குக் கிடைத்த பதில் அது.

அடுத்த ஆண்டு யூனில் நம்முடைய நகரத்திலேயே ஓர் இளைஞர், பொலிஸார் கைதுசெய்த பிறகு உயிரிழந்தார். போதைப்பொருளை விழுங்கியதால் இறந்தார் என்று முதலில் சொல்லப்பட்டது. குடும்பம் அதை ஏற்கவில்லை. புதைத்த உடல் நீதிமன்ற உத்தரவில் தோண்டியெடுக்கப்பட்டு மீண்டும் பிரேத பரிசோதனை நடந்தது. தன் பிள்ளையின் உடலைத் திரும்பவும் மண்ணுக்குள் இருந்து எடுக்கச் சொல்லிக் கேட்பதற்கு ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு மனத்தைரியம் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். முதல் அறிக்கையை மாற்றுவதற்கு அந்த விலை கொடுக்க வேண்டியிருந்தது.

நான் சட்டத்தரணி. பொலிஸ் நிலையங்களுக்கு ஆட்களோடு போய்வருவது என் தொழிலில் ஒரு பகுதி. சில வருடங்களுக்கு முன் படுவான்கரையில் இருந்து மாடு வளர்க்கும் ஐயா ஒருவர் வந்தார். மகனை விசாரணைக்குக் கூட்டிக்கொண்டு போய் அடித்துவிட்டார்கள். பையனின் வலது காது கேட்கவில்லை, முழங்கையில் வீக்கம். ஐயா பொலிஸுக்குப் போய்த் தமிழில் முறையிட்டிருக்கிறார். மேசையில் இருந்தவர் சிங்களத்தில் எழுதியிருக்கிறார்.

“என்ன ஐயா எழுதினவங்க?” என்று கேட்டேன்.

“தெரியா புள்ள. ஒப்பம் வை எண்டாங்க, வெச்சிட்டன். மறுகா வீட்ட போ எண்டாங்க.”

பிரதி எடுத்து, சிங்களம் தெரிந்த ஒருவரை வைத்து வரிவரியாக வாசித்தோம். மகன் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்து காயப்பட்டதாகத் தகப்பன் சொன்னதாக அதில் இருந்தது. கீழே ஐயாவின் ஒப்பம், ஆ என்ற எழுத்து கொஞ்சம் நடுங்கி, கோட்டுக்கு வெளியே போயிருந்தது. ஐயாவின் வீட்டில் மோட்டார் சைக்கிளே கிடையாது.

எழுதியவர் வேண்டுமென்றே பொய் எழுதினாரா, விளங்காமல் எழுதினாரா, யாராவது எழுதச் சொன்னார்களா என்பதை என்னால் தீர்மானமாகச் சொல்ல இயலாது. எப்படியிருந்தாலும் அடிபட்டவரின் சொல் அங்கே அடிபட்டவருக்கு எதிராகவே திரும்பிவிட்டது. பெரும்பான்மையாகத் தமிழ் பேசும் மாவட்டத்தில், தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் அந்த மேசையில் இல்லை. கட்டமைப்பில் ஊறிய இனவாதம் என்று நாங்கள் பேசுவது பெரும்பாலும் இவ்வளவு சாதாரணமாக, ஒரு பேனையும் கொப்பியுமாகத்தான் இருக்கும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் இது இன்னும் ஆபத்தானது. 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த அந்தச் சட்டத்தின்படி, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலமே நீதிமன்றத்தில் சாட்சியாகும். சிங்களத்தில் எழுதிய தாளில் ஒப்பம் வைத்துவிட்டு வருடக்கணக்காக உள்ளே கிடந்த தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர்.

இந்த மேசையைப் பற்றிய போராட்டம் இங்கே புதிதில்லை. 1956 யூன் 5ஆம் திகதி, சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கும் தனிச் சிங்களச் சட்டத்துக்கு எதிராகக் கொழும்பு காலிமுகத்திடலில் தமிழரசுக் கட்சியினர் அமைதியாகச் சத்தியாக்கிரகம் இருந்தபோது காடையர்கள் அடித்தார்கள், பொலிஸார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த வன்முறை அடுத்த நாட்களில் கல்லோயா வரை வந்தது. இன்று அம்பாறை மாவட்டமாக இருக்கும் அந்தப் பகுதி அப்போது மட்டக்களப்பு மாவட்டம்தான். 1961இல் வடக்குக் கிழக்கெங்கும் கச்சேரிகளை, அதாவது மாவட்ட அரச செயலகங்களை, மறித்துச் சத்தியாக்கிரகம் நடந்தபோது, இங்கே கோட்டைக்குள் இருந்த கச்சேரியும் முடங்கியது. அரச அலுவல் தமிழில் நடக்கவேண்டும் என்று தமிழரும் முஸ்லிம்களுமாக உட்கார்ந்தார்கள். ஏப்ரலில் அவசரகாலச் சட்டம் போட்டுத் தலைவர்களைத் தடுத்துவைத்தார்கள். ஐயா கேட்டதும் அதே கோரிக்கைதான்.

2021 பெப்ரவரியில் பொத்துவிலில் இருந்து பொலிகண்டி வரை போன நடைபவனியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள், போயும் இருப்பீர்கள். நீதிமன்றத் தடையுத்தரவுகளைக் கையில் வைத்துக்கொண்டு பொலிஸார் வழிமறித்தார்கள். மழையும் விடவில்லை. பொத்துவிலில் தொடங்கும்போதே தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நின்றார்கள். மயிலத்தமடு மேய்ச்சல்தரை, காணாமல் ஆக்கப்பட்டோர், அரசியல் கைதிகள், மலையகத் தோட்டத் தொழிலாளரின் ஆயிரம் ரூபாச் சம்பளம், இவற்றோடு கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை எரிக்காதே என்ற குரலும் அதே ஊர்வலத்தில் ஒலித்தது. அந்த மாதக் கடைசியில் அரசாங்கம் புதைக்க அனுமதித்தது. சர்வதேச அழுத்தமும் அதற்குக் காரணம்தான், ஆனால் வீதியில் நின்றவர்களின் பங்கை யாரும் குறைக்கக் கூடாது. மார்ச்சில் நம் மாவட்டத்து ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கம் செய்யப்பட்டன.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லவேண்டும், சிலருக்குக் கசக்கும். 2019 உயிர்த்த ஞாயிறு அன்று நம்முடைய சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். அந்த வேதனை இன்னும் ஆறவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, குண்டோடு எந்தத் தொடர்பும் இல்லாத முஸ்லிம்கள் கண்டபடி கைதானபோது தமிழ்ப் பக்கத்தில் பலர் வாய்திறக்கவில்லை. ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண் போட்டிருந்த உடுப்பில் இருந்த கப்பல் சுக்கானைப் பௌத்தர்களின் புனிதச் சின்னமான தர்மச்சக்கரம் என்று சொல்லி அவரை உள்ளே போட்டார்கள். நமக்கு நடந்தபோது அநியாயமாக இருந்த அதே சட்டம், பக்கத்து ஊருக்கு நடக்கும்போது பாதுகாப்பாக மாறிவிடுமா? 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசலில் புலிகள் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டதை மனதில் வைத்து, தமிழர் வேதனையில் மௌனமாக இருக்கும் முஸ்லிம்களும் உண்டு. அந்தக் கணக்கை வைத்திருக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. ஆனாலும் பொலிஸ் மேசையில் இரண்டு பேரும் ஒரே வாங்கில்தான் குந்தியிருக்கிறோம்.

அமெரிக்காவிலும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கவேண்டாம். புளொய்டின் பெயரில் வந்த பொலிஸ் சீர்திருத்தச் சட்டமூலம் செனட்டைத் தாண்டவில்லை. மினியாபொலிஸ் பொலிஸை நீதிமன்றக் கண்காணிப்பில் வைக்கும் உடன்படிக்கையை 2025 மேயில் மத்திய அரசே கைவிட்டது. வீதியில் பெற்றதைத் தொடர்ந்து காவல் காக்காவிட்டால் அது கையை விட்டுப் போய்விடும்.

இனி, இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் யாருக்காவது நாளைக்கே தேவைப்படக்கூடிய விசயத்துக்கு வருகிறேன். அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையை முற்றாகத் தடைசெய்கிறது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி, சித்திரவதை செய்த அதிகாரிக்குக் குறைந்தது ஏழு வருடச் சிறை. தமிழில் முறையிடுவது அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் தந்த உரிமை, யாரும் தயவாகத் தருவதில்லை. விளங்காத தாளில் ஒப்பம் வைக்காதீர்கள். வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் தமிழில் நீங்களே எழுதிக் கொடுங்கள். அடிபட்டவரை உடனே அரச ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். யார், எங்கே, எப்படி அடித்தது என்று டொக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அது சட்ட வைத்திய அறிக்கைக்குள் வரவேண்டும். ஐயாவின் மகனுக்குக் கடைசியில் கைகொடுத்தது அந்த அறிக்கைதான். கைபேசியில் எடுத்த வீடியோவை வெட்டாமல் ஒட்டாமல், எடுத்த கைபேசியிலேயே வைத்திருங்கள். பேஸ்புக்கில் போடுவதற்கு முதல் ஒரு பிரதியைச் சட்டத்தரணியிடம் கொடுங்கள்.

அடிப்படை உரிமை வழக்கை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போடவேண்டும். கொழும்புக்குப் போகக் காசில்லை என்று அந்த ஒரு மாதத்தை வீணாக்குகிறவர்கள்தான் அதிகம். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. தொலைபேசி இலக்கம் 1996. தமிழிலேயே பேசலாம்.