ராஜபார்ட்டுக்கு எத்தனை கட்டை?

(கொடுமுடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கமுங்க. இந்த ஊரில் நின்றுகொண்டு நாடகப் பாட்டைப் பற்றிப் பேசுகிறவன், இங்கே பிறந்த கே.பி. சுந்தராம்பாளைத் தாண்டிப் போக முடியாது. ஆனால் இன்றைக்கு என் பேச்சு, மேடையில் அந்தக் குரலுக்கு எதிரே நின்ற ஆண் குரலைப் பற்றி.

பழைய நாளில் ராஜபார்ட்டுக்கு, அதாவது கதாநாயகன் வேடத்துக்கு, ஆள் எடுத்தது முகத்தைப் பார்த்தல்ல. நிறத்தை அரிதாரம் தரும், உயரத்தைக் கிரீடம் தரும். ஆர்மோனியப் பெட்டியைத் திறந்து வைத்து, "எத்தனை கட்டை எட்டும் தம்பி?" என்பதுதான் பரீட்சை. கட்டை என்பது சுருதியின் அளவு; எண் ஏற ஏறச் சுருதியும் ஏறும். சாதாரணமாக ஆண்கள் ஒரு கட்டை, இரண்டு கட்டையில் பாடுகிறோம். பெண்கள் ஐந்து, ஐந்தரை. ஒரு கட்டையில் ஆணின் ஆதார ஸட்ஜம், அதாவது அடிப்படையான 'ஸ', சுமார் 131 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டை என்றால் 196. அந்தச் சுருதியில் மேல் ஸட்ஜத்துக்கே 392 வரை ஏற வேண்டும். அதோடு நின்றால் கைதட்டல் ஏது? அதற்கும் மேலே போய்ச் சுழன்றுவிட்டு வர வேண்டும்.

செங்கோட்டை கிட்டப்பா அப்படித்தான் பெண் குரலுக்கு இணையான சுருதியில் பாடினார். 1927-இல் சுந்தராம்பாளை மணந்தார். 1933-இல் காலமானபோது வயது 27. ஒரே பெட்டி, ஒரே சுருதி, இரண்டு பேர். வள்ளி திருமண நாடகத்தில் முருகனும் வள்ளியும் பாட்டாலேயே வாதாடுகிற தர்க்கத்தில் யாரும் யாருக்காகவும் இறங்கி வர வேண்டியதில்லை.

மேல் சுருதி பகட்டுக்காக வந்ததில்லைங்க. மைக் இல்லாத காலம். கொட்டகையில் கடைசியாகப் பாய் விரித்தவன் காதுக்கும் பாட்டு போய்ச் சேர வேண்டும். மனிதக் காது 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கூர்மையாகப் பிடிக்கும். வாயை அகாரத்தில் நன்றாகத் திறந்து, அடிவயிற்று மூச்சில் மேலே பாடினால் குரலில் அந்தப் பகுதி தூக்கலாக எழும். நாம் 'கணீர்' என்று சொல்வது அதைத்தான். கள்ளத்தொண்டையில், அதாவது பொய்க்குரலில், பாடினால் சுருதி எட்டும், கணீர் எட்டாது.

சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தொடங்கிய பால சபை போன்ற பாய்ஸ் கம்பெனிகளில் பையன்களுக்கு அந்தச் சுருதி தானாகவே இருந்தது. மகரக்கட்டு வந்து, வயசில் குரல் உடைந்தால் போச்சு. நேற்று வரை ராஜா, இன்று சேவகன்.

இப்போது ஊர் நோம்பிக்குக் கட்டுகிற ஒலிபெருக்கி பக்கத்து ஊர் ஆட்டுக்குட்டியையும் எழுப்பிவிடுகிறது. ஆனாலும் நாடகத்துக்கு ஆள் பேசி முடிக்கப் போகிறவர்கள் இன்னும் "நாலரைக் கட்டை பாடுவாரா?" என்றே கேட்கிறார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. ராஜபார்ட் இரண்டு கட்டையில் பாடட்டும், கதாநாயகியான ஸ்திரீபார்ட் ஐந்தில் பாடட்டும். தர்க்கத்தில் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வசனம் வருகிறதல்லவா? அதற்குள் பெட்டிக்காரர் சுருதியை மாற்றிக்கொள்ளலாம். இவருடைய 'ம', அதாவது மத்திமம்தான் அந்த அம்மாவின் ஸட்ஜம், காதுக்கு உறுத்தாது. இதைச் சொன்னால் பெரியவர்கள் என்னை முறைக்கிறார்கள். முறைக்கட்டும்.

போன வருஷம் காங்கேயம் பக்கம் ஒரு மாரியம்மன் நோம்பியில் வள்ளி திருமணம். முருகனாக வந்த ராஜபார்ட் சின்ன வயசுப் பையன், வேகமாக உருளும் நல்ல பிருகா. திரைக்குள்ளிருந்து பாடிக்கொண்டே வந்தபோது கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. வேலனாக வந்தபோது நாலரைக் கட்டை. வேடனாக வந்தபோதே மேல் ஸட்ஜத்தில் விரிசல். விடியற்காலம் விருத்தனாக வந்து நின்றபோது தொண்டையில் காற்றுதான் வந்தது. பக்கத்தில் இருந்த அப்பத்தா என் கையைத் தட்டி, "கெழவன் கொரல அச்சா அப்படியே பேசறான் பாரு கண்ணு, என்ன நடிப்பு!" என்றார்.

நாடகம் முடிந்து உள்ளே போனேன். பாராட்டலாம் என்று வாயெடுத்தால், அந்தப் பையன் பேசாமல் சொம்பைக் காட்டி, சுடுதண்ணி வேண்டும் என்று சைகை செய்தான்.