கடைவீதிக்கு உள்ள வர்றதும் வெளிய போறதும்

(வணிகர் சங்க ஆண்டு விழாவுல பேசினது. இறங்கினதும் நாலஞ்சு பேரு எழுதிக் குடுங்கக்கான்னு கேட்டாங்க, பேசின மாதிரியே எழுதியிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கமுங்க. மேடைல இருக்கற நகராட்சித் தலைவர் அம்மாவுக்கும், ஆணையாளர் ஐயாவுக்கும், துணைத்தலைவர் அண்ணனுக்கும், வார்டு கவுன்சிலர்கள் அத்தனை பேருக்கும், நம்ம சங்கத் தலைவர் அண்ணன், செயலாளர் தம்பி, பொருளாளர் ஐயா, வங்கி மேலாளர் அவங்களுக்கும், முன்வரிசைல உக்காந்திருக்கற பெரியவங்களுக்கும், காலைல இருந்து பந்தலுக்கும் மைக்செட்டுக்கும் ஓடிட்டு இருக்கற தம்பிங்களுக்கும் என் வணக்கம். தலைவர் அம்மா காலைல ரெண்டு கல்யாணம் ஒரு காதுகுத்து முடிச்சுட்டு சாப்பிடாமக்கூட இங்க வந்திருக்காங்க. ஆணையாளர் ஐயாவுக்கு இன்னைக்கு லீவு நாளு, பொண்ணு பரீட்சைக்குப் படிக்குது, அதையும் விட்டுட்டு வந்திருக்கார். இவங்க ரெண்டு பேரும் ஒரே மேடைல நம்மகூட உக்காந்திருக்கறதே பெரிய விஷயமுங்க, இதே சங்கக் கூட்டத்துக்கு நகராட்சில இருந்து ஒரு கிளார்க்குகூட வராத வருசமெல்லாம் எனக்குத் தெரியும். பொன்னாடைக்குப் பதிலா கதர்த் துண்டு போட்டாங்க பாருங்க, அந்த யோசனை யாரோடதோ அவங்களுக்கு ஒரு கைதட்டு குடுங்க.

எனக்குக் குடுத்த தலைப்பு ஊர் முன்னேற்றத்துல நகராட்சியும் வணிகர்களும். மூணு விஷயம் குறிச்சுட்டு வந்திருக்கேன். ஒன்னு தண்ணி, ரெண்டாவது வரி, மூணாவது வாரச்சந்தை. எங்க அப்பாரு எப்பவும் சொல்ற ஒரு பழமொழி இருக்குதுங்க, ஊர் கூடினாத்தான் தேர் நகரும்னு. எல்லாருக்கும் தெரிஞ்ச பழமொழிதான், ஆனா அவுரு சொல்ற விதம் வேற. அவிநாசித் தேரப் பாத்தவங்களுக்குத் தெரியும், முன்னாடி வடம் புடிக்கறவங்க ஆயிரம் பேரு இருப்பாங்க, போட்டோவுலயும் அவங்கதான் விழுவாங்க. பின்னாடி சன்னை போட்டு சக்கரத்தக் கெளப்பறவங்களும், சக்கரத்துக்கு அடில முட்டுக்கட்டை வெச்சு திருப்பறவங்களும் கொஞ்சப் பேருதான். அந்தக் கொஞ்சப் பேரு இல்லீன்னா ஆயிரம் பேரு இழுத்தும் தேரு தெருமுக்குல திரும்பாது. இழுக்கறது மட்டும் கூடறது இல்ல கண்ணு, திருப்பறதும் நிறுத்தறதும் சேந்ததுதான் கூடறதுன்னு சொல்லுவாரு.

சரி, தண்ணி. நமக்குப் பக்கத்துல திருப்பூரையே எடுத்துக்குவோம். தொண்ணூறுகள்ல அங்க சாயப்பட்டறைக்கெல்லாம் டேங்கர் தண்ணிதான், சுத்துப்பட்டு கிராமத்துக் கெணத்துல இருந்து லாரி லாரியா வாங்கித்தான் பனியன் துணிக்கு சாயம் போட்டாங்க. 1990ல ஏற்றுமதியாளர் சங்கம் ஆரம்பிச்சாங்க. அவங்க வெறும் மனு குடுத்துட்டு வீட்டுக்குப் போகல. 1995ல தமிழக அரசு ஒரு பக்கம், அந்தச் சங்கம் ஒரு பக்கம், நிதி போட ஒரு நிறுவனம்னு எல்லாரும் சேந்து நியூ திருப்பூர் ஏரியா டெவலப்மென்ட் கார்ப்பரேஷன்னு தனியா ஒரு கம்பெனியே ஆரம்பிச்சாங்க. பத்து வருசம் அலைஞ்சு, 1,000 கோடிக்கு மேல செலவு பண்ணி, 2005ல பவானிப் பக்கத்துல இருந்து காவிரித் தண்ணிய பைப்ல திருப்பூருக்குக் கொண்டு வந்தாங்க. ஒரு நாளைக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டு வர்ற அளவுக்குப் போட்ட திட்டம். பட்டறைக்காரங்களுக்கு ரேட்டு ஜாஸ்தி, வீடுகளுக்கும் வழில இருக்கற கிராமங்களுக்கும் ரேட்டு கம்மி, அதாவது தொழில் செய்யறவங்க குடுக்கற காசுல ஊருக்கும் தண்ணி. இந்தியாவுல இதுக்கு முன்னாடி இவ்வளவு பெருசா தொழில்காரங்களும் அரசாங்கமும் தண்ணிக்குன்னு சேந்தது அபூர்வமுங்க. ஊர் கூடினாத்தான் தேர் நகரும், கூடினாங்க, நகந்துச்சு.

ஆனா பாருங்க, தண்ணி உள்ள வர்றதுக்கு அவ்வளவு பேரு ஒன்னா உக்காந்தாங்களே, சாயத்தண்ணி வெளிய போறதுக்கு அதே மாதிரி உக்காந்தாங்களா? பொது சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் கட்டினாங்கதான், இல்லைங்கல. ஆனாலும் திருப்பூர் வழியாப் போற நொய்யல் ஆறு சாயத்தண்ணில என்ன ஆச்சுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும். அந்த ஆத்துல ஒரத்துப்பாளையம் அணை விவசாயத்துக்குன்னு கட்டினது, கடைசில அது சாயத்தண்ணி தேங்கற குட்டையாப் போச்சு, கீழ இருக்கற விவசாயிக கோர்ட்டுக்குப் போனாங்க. 2011 ஜனவரில சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைய எல்லாம் மூடுங்கன்னு சொல்லிருச்சு. எழுநூறுக்கு மேல பட்டறைங்க. அந்த சமயத்துல எங்க சித்தப்பா பையன் பட்டறைல வேலை இல்லாம எங்க வீட்லதான் ரெண்டு மாசம் இருந்தான், சாப்பிடக் கூப்பிட்டாக்கூட எந்திரிச்சு வர மாட்டான், கூச்சம். அப்புறம் அரசு வட்டியில்லாக் கடன் குடுத்து, பட்டறைக்காரங்க சேந்து நிலையங்களை மாத்தி, ஒரு சொட்டுகூட ஆத்துல விடாம திருப்பி எடுத்துப் பயன்படுத்தற நெலமைக்கு வந்தாங்க. திருப்பி எடுக்க ஆரம்பிச்சதும் புதுத் தண்ணி முன்ன கணக்குப் போட்ட அளவு தேவைப்படல, அந்தத் தண்ணிக் கம்பெனிக்கு வரவேண்டிய வருமானத்துலயும் அடி. வெளிய போறதப் பத்தி முதல்லயே முழுசா உக்காந்து பேசியிருந்தா உள்ள வர்ற கணக்கும் சரியா வந்திருக்கும்னு நான் நெனைக்கறேன்.

இதே கதை நம்ம கடைவீதிலயும் நடந்துச்சு, பெரியவங்க சிரிக்கறீங்க, ஞாபகம் வந்துருச்சு போல. ஒம்பது பத்து வருசம் இருக்கும். தீபாவளிக்கு எட்டு நாளு இருக்குது, ஐப்பசி மழை, ராத்திரி ஒரு மணி நேரம்தான் பேஞ்சுது. காலைல ஷட்டரத் தூக்கினா என் கடைக்குள்ள முட்டியளவு தண்ணி. கீழ் ரேக்ல அடுக்கி வெச்சிருந்த ஜாக்கெட் பிட்டு பூரா சாயம் ஓடி, வெள்ளை லைனிங் துணியெல்லாம் ரோஸ் கலரு. பக்கத்துல மளிகைக்கடை அண்ணன் சக்கரை மூட்டையக் கட்டிப் புடிச்சுட்டு அழுகறாரு. எல்லாரும் சேந்து நகராட்சி ஆபீசுக்குப் போனோம், ஐம்பது அறுபது பேரு, ஒரே சத்தம். அப்ப இருந்த ஆணையாளர் வெளிய வந்து பொறுமையாக் கேட்டுட்டு, நாங்க சாக்கடை கட்டித்தான் வெச்சிருக்கோம், அதுமேல படியும் சிலாப்பும் போட்டு மூடினது யாருங்கன்னு கேட்டாரு. நாங்க விடல, தூர் வாரி எத்தன வருசமாச்சுன்னு கேட்டோம். அவரும் விடல. மத்தியானம் வரைக்கும் இதே பேச்சு, கடைல தண்ணி அப்படியே நிக்குது. கடைசில ஜேசிபி வந்துச்சு. முதல் கடைல இருந்து சிலாப்ப ஒவ்வொன்னாப் பேத்துட்டே வர்றாங்க, ஊரே நின்னு வேடிக்கை பாக்குது. என்னென்ன வந்துச்சுன்னு நெனைக்கறீங்க, தெர்மாகோல், துணி சுத்தற அட்டைக் குழாய், உடைஞ்ச ஹேங்கரு, டீக்கடை கப்பு, மூட்டை மூட்டையா பிளாஸ்டிக் கவரு. திடீர்னு ஜேசிபி வாளில ஒரு கை. மனுசக் கை மாதிரியே விரலெல்லாம் நீட்டிட்டு. ஒரு பாட்டிம்மா ஐயோ கொலைன்னு கத்திருச்சு, கூட்டம் அப்படியே பின்னாடி ஓடுது, யாரோ போலீசுக்கு போன் பண்ணிட்டாங்க. கழுவிப் பாத்தா ஜவுளிக்கடைல சேலை கட்டி நிறுத்தி வெப்பாங்களே, அந்தப் பொம்மையோட கை. நகப்பூச்சு போகாம அப்படியே இருக்குது. எந்தக் கடைன்னு நான் இந்த மேடைல சொல்ல மாட்டேன், அந்தக் கடை அண்ணனும் இங்கதான் இருக்காரு, அன்னைக்கு முதல் ஆளா தன் கடைப்படிய ஆளு வெச்சு இடிச்சதும் அவருதான். அவுரு இடிச்சதும் அடுத்த கடை, அதுக்கடுத்த கடைன்னு ராத்திரி பதினோரு மணிக்குள்ள முப்பத்திரண்டு படி போச்சு. நகராட்சி எடுத்துப் போடற சிலாப்பு போட்டுக் குடுத்துச்சு, ஆறாவது நாளு காலைல கடை நடந்துச்சு. அதுக்கப்புறம் எத்தனையோ மழை பாத்தாச்சு, கடைக்குள்ள தண்ணி வரல. ஊர் கூடினாத்தான் தேர் நகரும்னு எங்க அப்பாரு சொன்னது அன்னைக்குத்தான் எனக்கு முழுசாப் புரிஞ்சுது, நகராட்சி வேற நம்ம வேறன்னு நின்ன வரைக்கும் கடைக்குள்ள தண்ணி நின்னுச்சு.

ரெண்டாவது வரின்னு சொன்னேன். சொத்து வரி, லைசென்சு கட்டணம், அரை வருசத்துக்கு ஒருக்கா தொழில் வரி, எல்லாம் கட்டறோம். தொழில் வரிக்கு வருசத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல வாங்கக்கூடாதுன்னு அரசியல் சட்டத்துலயே இருக்குது, நம்ம கடைல வேலை செய்யற பிள்ளைங்ககிட்டயும் சம்பளத்தப் பொறுத்துப் புடிக்கறோம். அது நகராட்சிக்குப் போற காசு. அப்ப அந்தப் பிள்ளைங்களுக்கு இந்த வீதில என்ன இருக்குது? நான் வரியப் பத்திப் பேச வந்தவ நேரா அங்கதான் போறேன், தப்பா நெனச்சுக்காதீங்க.

நம்ம கடைவீதில காலைல ஒம்பது மணில இருந்து ராத்திரி ஒம்பது மணி வரைக்கும் வேலை செய்யற பொண்ணுங்க எத்தன பேருன்னு யாராச்சும் எண்ணியிருக்கீங்களா? போன மாசம் நானும் எங்க கடைப் பொண்ணு ஒன்னும் நோட்டு எடுத்துட்டு கடை கடையாப் போய் எண்ணினோம். இருநூத்திப் பதினாலு பேரு. இவங்களுக்கு கடைவீதில ஒரு கக்கூசு இல்ல. மார்க்கெட் பின்னாடி இருக்குது, பூட்டியிருக்குது. சாவி காண்ட்ராக்டர்கிட்டன்னு நகராட்சில சொல்றாங்க, நகராட்சிலதான்னு காண்ட்ராக்டர் சொல்றாரு. நான் பதினெட்டு வயசுல ஒரு துணிக்கடைல சேல்ஸ் கேர்ளா சேந்தவ. காலைல வீட்ல அரை டம்ளர் காப்பி, அதுக்கப்புறம் ராத்திரி வரைக்கும் தண்ணி குடிக்க மாட்டேன். கொண்டு போன பாட்டில் அப்படியே திரும்பி வரும், எங்கம்மா கேட்டா தாகம் எடுக்கலம்பேன். மூணாவது வருசம் நீர்க்கடுப்பு, காய்ச்சல், ஆஸ்பத்திரில நாலு நாளு. டாக்டரம்மா தண்ணி குடி தண்ணி குடின்னாங்க, குடிச்சா எங்க போறதுன்னு அவங்ககிட்டக்கூட நான் சொல்லல. இன்னைக்கு எங்க கடைல வேலை செய்யற பிள்ளைங்க பாட்டிலும் சாயங்காலம் அப்படியேதான் இருக்குது. நான் தெனம் பாக்கறேன். என் கடைக்குப் பின்னாடி கக்கூசு கட்ட ஒரு அடி இடம் இல்ல, அதுதான் நெசம். பாதிக் கடைக்கு அப்படித்தான்.

2021ல நம்ம தமிழ்நாட்டுல கடைல நிக்கறவங்களுக்கு உக்கார வசதி குடுக்கணும்னு சட்டமே வந்துச்சு. உக்காரச் சொன்னது நல்லது. ஆனா எந்திரிச்சுப் போகறதுக்கு ஒரு இடம் வேணுமில்லீங்களா.

நகராட்சிக்கு என்ன வேலைன்னு அரசியல் சட்டத்துல 12ஆவது அட்டவணைன்னு ஒன்னு இருக்குது, 74ஆவது திருத்தத்துல வந்தது, 18 வேலை பட்டியல் போட்டிருக்காங்க. மூணாவது என்னன்னா பொருளாதார, சமூக வளர்ச்சிக்குத் திட்டம் போடறது, இன்னைக்கு நம்ம தலைப்பு. பதினேழாவது தெருவிளக்கு, வண்டி நிறுத்தற இடம், பஸ் ஸ்டாப்பு, பொதுக் கழிப்பிடம். மூணுக்கும் பதினேழுக்கும் சம்பந்தமில்லைன்னு நாம நெனைக்கறோம். துணி எடுக்க வர்ற பக்கத்து ஊர்க்காரம்மா ரெண்டு மணி நேரத்துல அவசரமா பஸ் ஏறிப் போகுதே, அது ஏன்னு ஒருக்கா கேட்டுப் பாருங்க. இன்னும் ஒரு மணி நேரம் நின்னா பாத்திரக்கடைக்கும் போகும், வளையல் கடைக்கும் போகும். அதுதானுங்க பொருளாதாரம்.

வழி இருக்குது. நமக்கு நாமே திட்டம். 1997ல வந்தது, நடுவுல நின்னு 2021ல மறுபடியும் ஆரம்பிச்சாங்க. மக்கள் மூணுல ஒரு பங்கு போட்டா மிச்சம் அரசு போடும். பள்ளிக்கூடத்துக்கும் பூங்காவுக்கும் எத்தனையோ ஊர்ல வியாபாரிகள் பங்கு போட்டிருக்காங்க, நாமளும் தெருவிளக்குக்கு, சிசிடிவிக்குன்னு குடுத்தோம். விளக்குன்னா எல்லாருக்கும் கை பாக்கெட்டுக்குப் போகுது, கக்கூசுன்னா பேச்சு மாறிருது. எட்டு ரூமு போதும். உள்பக்கம் தாழ்ப்பாள் சரியா விழணும், தண்ணி வரணும், மாட்ட ஒரு ஆணி இருக்கணும், நாப்கின் எரிக்கற மெஷின் ஒன்னு, வாசல்ல விளக்கு, பாத்துக்க ஒரு அம்மாவுக்கு ஒழுங்கா மாசச் சம்பளம். கட்டறது நகராட்சியும் நாமளும், நடத்தறது சங்கம், ஒரு கடைக்கு மாசம் இருநூறு ரூபாய். அதுக்கு மேல வேண்டாம். கட்டி ஆறு மாசத்துல பூட்டு விழுந்த கட்டடம் நம்ம ஊர்லயே மூணு இருக்குது, அதனால நடத்தற கணக்கப் பேசாம அடிக்கல் நாட்ட வேண்டாம்னு தலைவர் அம்மாகிட்டயும் ஐயாகிட்டயும் மரியாதையோட கேட்டுக்கறேன்.

வாரச்சந்தையப் பத்தி மூணாவதாப் பேசறேன்னு சொன்னேன், செயலாளர் தம்பி கடியாரத்தக் காட்டறாரு, பெரிய விஷயம் அது, சுங்கம் ஏலத்துல இருந்து ஆரம்பிக்கணும், இன்னொரு நாளைக்கு வெச்சுக்குவோம்.

எங்க அப்பாரு இருந்திருந்தா ஊர் கூடினாத்தான் தேர் நகரும்னு இன்னொருக்கா சொல்லியிருப்பாரு. நான் ஒரு நோட்டு கொண்டு வந்திருக்கேன். முதல் பக்கத்துல இருநூத்திப் பதினாலு பிள்ளைங்க கையெழுத்து இருக்குது, அவங்க அவங்களே போட்டது. அடுத்த பக்கம் காலியா வெச்சிருக்கேன், கடை பேரும் மாசம் இருநூறும் எழுதறதுக்கு. என் கடை பேர எழுதிட்டேன். அன்னைக்கு முதல் படிய இடிச்ச அண்ணன் மூணாவது வரிசைல இருக்காரு, அவரு கைல குடுக்கறேன். ஆணையாளர் ஐயா வர்ற புதன்கிழமை காலைல பத்து மணிக்கு மார்க்கெட் பின்னாடி வர்றேன்னு இப்ப மேடைல சொன்னாரு, நன்றிங்கய்யா. வரும்போது அந்தச் சாவி யாருகிட்ட இருக்குதுன்னு மட்டும் கேட்டு, கையோட எடுத்துட்டு வந்துருங்க.