ஆலையில் யாரும் பாட்டுக் கேட்பதில்லை

நேயர்களுக்கு வணக்கம். சொந்தக் காசைப் போட்டுப் பாட்டமைத்து, பதிவையும் முடித்துவிட்டு, "இனி இதை சிடியாகப் போட வேண்டும்" என்று நிற்பவர்களுக்காக இன்று பேசுகிறேன். எல்லாப் பாட்டும் போனிலேயே கிடைக்கும்போது சிடி எதற்கு என்று கேட்பார்கள். கச்சேரி முடிந்து வெளியே வருகிறவர் கையில் கொடுக்க ஒரு பொருள் வேண்டும், அதற்குத்தான். அந்த வாதத்தை இத்தோடு விட்டுவிடுவோம்.

சிடி தயாராவது இரண்டு விதமாக. ஒன்று, வெற்று சிடியில் எழுதுவது. அதில் ஒரு சாயப் பூச்சு இருக்கும். லேசர் அதைச் சுட்டுத் தடம் பதிக்கும். ஐம்பது, நூறு பிரதி போதும் என்றால் இதுவே சரி. ஆனால் சில பழைய பிளேயர்கள் இதைப் படிக்கத் தடுமாறும். வெயிலில் கிடந்தால் சாயமும் கெடும்.

இன்னொன்று, ஆலையில் அச்சு எடுத்து வார்ப்பது. கண்ணாடித் தட்டின் மேல் ஒளி பட்டால் மாறும் பூச்சு ஒன்றைப் பூசி, லேசரால் பாட்டை அதில் பதிப்பார்கள். அதன் மேல் மின்முலாம் மூலம் நிக்கலைப் படியவைத்து அச்சு எடுப்பார்கள். உருகிய பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கை அந்த அச்சில் செலுத்தினால் சில விநாடிகளில் ஒரு தட்டு வந்துவிடும். பிறகு மெல்லிய அலுமினியப் பூச்சு, அதைக் காக்க அரக்குப் பூச்சு, அதற்கு மேல் உங்கள் படம். பத்து பிரதியோ பத்தாயிரமோ, கண்ணாடிக்கும் அச்சுக்கும் ஆகும் செலவு ஒன்றுதான். அதனால்தான் பெரும்பாலான ஆலைகள் சில நூறு பிரதிகளுக்குக் குறைந்து ஆர்டர் எடுப்பதில்லை.

இந்த வேலையில் எந்த இடத்திலும் உங்கள் பாட்டை ரசித்துக் கேட்க ஆள் கிடையாது. தரவு பிசகாமல் பதிந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். மூன்றாவது பாட்டின் கடைசி ஓசை பாதியில் அறுந்திருந்தால், அப்படியே அறுந்தபடி ஆயிரம் பிரதி வந்து இறங்கும். ஆக, கடைசியாகக் காது கொடுத்துக் கேட்கும் ஆள் நீங்கள்தான்.

பிலிப்ஸும் சோனியும் 1980-இல் வகுத்த விதிப்படி, இசை சிடி என்றால் ஓசையை விநாடிக்கு 44,100 முறை அளந்த மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். ஸ்டுடியோவில் 24 பிட்டில் பதிவு செய்திருப்பீர்கள். அதை 16 பிட்டுக்கு மாற்றுவதை எல்லா வேலையும் முடிந்த பிறகு, மாஸ்டரிங்கின், அதாவது பாட்டுகளின் ஓசையைச் சமன்செய்து இறுதி வடிவம் தரும் வேலையின், கடைசிப் படியாக, ஒரே ஒரு முறை செய்யச் சொல்லுங்கள். எம்பி3 கோப்பைச் சுருக்காத வேவ் கோப்பாக மாற்றி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். எம்பி3 ஆக்கும்போது போன ஓசை அதனால் திரும்பி வராது.

தனித்தனிக் கோப்புகளாக அனுப்பினால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே எவ்வளவு மௌனம் என்பதை வேறு யாரோ தீர்மானிப்பார்கள். பெரும்பாலும் எல்லா இடத்திலும் இரண்டு விநாடி வைத்துவிடுவார்கள். ஒரு சோகப் பாட்டு முடிந்து ஒரு துள்ளல் பாட்டு வர எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பது இசையமைப்பின் ஒரு பகுதி என்றே நான் சொல்வேன். அதனால் மாஸ்டரிங் செய்பவரிடம் டிடிபி வடிவில் வாங்குங்கள், அது ஆலைக்கு அனுப்புவதற்கென்றே உள்ள கோப்புத் தொகுப்பு. பாட்டுகளின் வரிசை, இடைவெளி, ஒவ்வொரு ட்ராக்கும் தொடங்கும் இடம் எல்லாம் அதற்குள் பதிந்திருக்கும். ஆலைக்கு அனுப்புமுன் அதை முழுதாக ஓடவிட்டுக் கேட்கலாம். எழுதிய சிடியை மாஸ்டராகக் கொடுத்தால், அதில் உள்ள சிறு பிழைகளை பிளேயர் பூசி மறைத்துவிடும். உங்களுக்குத் தெரியவே தெரியாது.

அட்டை விஷயத்தில் அவசரம் வேண்டாம். ஆலை தரும் அளவுப்படிவத்தை முதலில் வாங்கிவிட்டு அதற்குள் வரையுங்கள். ஓரத்தில் வெட்டுக்கென்று வழக்கமாக மூன்று மில்லிமீட்டர் கூடுதல் விடச் சொல்வார்கள். ஸ்டேப்ளர் பின் அடித்த உள்ளிதழ் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்காக வர வேண்டும். தட்டின் மேல் அச்சிடும்போது அடியில் வெள்ளை பூசாவிட்டால் வெள்ளி பளபளப்பு ஊடுருவித் தெரியும். முகங்கள் இருந்தால் பார்க்கச் சகிக்காது. இன்னொருவர் பாட்டை நீங்கள் பாடியிருந்தால் உரிமையாளரின் அனுமதிக் கடிதம் கையில் இருக்கட்டும். பல ஆலைகள் அது இல்லாமல் வேலையைத் தொடங்காது. ஒவ்வொரு பதிவையும் தனியாக அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணுமாக 12 இடங்கள் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீட்டையும் மாஸ்டரிங் நேரத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

அப்புறம் பெட்டிகள் வந்து சேரும், ரசிகர்கள் கையெழுத்துக் கேட்பார்கள். பால்பாயிண்ட் பேனாவால் தட்டின் மேல் போடாதீர்கள். கீழ்ப்புறம் கீறினால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பாட்டு இருப்பது மேல்புறத்தில், அந்த மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில். பேனா முனை அழுத்தினால் அலுமினியமே கிழியலாம். மென்முனை மார்க்கர் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது உள்ளிதழிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். வணக்கம்.